வாளிக்குள் நின்ற தண்ணீர்

வாளியைப் பார்க்கக் கூடாது என்று மெற்றில்டா டீச்சர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சோற்றுப் பானையைத் தேய்த்தாள். தேய்த்த பானையையே மறுபடியும் தேய்த்தாள். வாளி முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. இருந்தாலும் அதன் கைப்பிடி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதுகூட அவளுக்குத் தெரிந்தது. சமையலறை ஜன்னலுக்கு வெளியே சிமெண்டுத் தரை, தரைக்கு அப்பால் நீச்சல் குளம், குளத்தின் முதல் படியில் பாதி அமிழ்ந்து அந்தச் சிவப்பு வாளி. மிதந்து போகாமலிருக்க உள்ளே ஒரு கருங்கல். நேற்று இதே வெயில் நேரத்தில் பெலவேந்திரன் வந்து வைத்துவிட்டுப் போனான். குழாய் வேலையும் கொத்து வேலையும் பார்க்கிறவன். இந்தக் குளத்துக்கு ஓடு பதித்தவனும் அவன்தான். "சாருக்குத்தான் சொகமில்லன்னா குளத்துக்கும் சுகர் வந்துட்டோ டீச்சர், நாளுக்கு நாள் இப்படி மெலியுதே" என்று சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்த்தான். குளத்துத் தண்ணீரையே மொண்டு வாளியில் ஊற்றினான். வெளியே குளம் எந்த மட்டத்தில் நின்றதோ உள்ளேயும் அதே மட்டத்தில் நிற்கவைத்தான். வாளியின் உட்புறம் ஒரு கறுப்பு டேப், வெளிப்புறம் ஒரு கறுப்பு டேப், இரண்டையும் தண்ணீர் தொடுகிற கோட்டில் ஒட்டினான். "தண்ணி ரெண்டு வழியாத்தான் போகும் டீச்சர். மேல போகும், இல்லன்னா கீழ போகும். வெயிலுக்கு வாளியும் ஒண்ணுதான், குளமும் ஒண்ணுதான். நாளைக்கு ரெண்டும் ஒரே அளவு எறங்கியிருந்தா வெறும் ஆவி, அதுக்கு என்கிட்ட மருந்து கிடையாது. வாளியைவிட குளம் அதிகமா எறங்கியிருந்தா எங்கேயோ கீறியிருக்கு, தேடிப் பிடிச்சு அடைச்சிரலாம்." குழாயில் வரும் நல்ல தண்ணீரை ஊற்றினால் என்ன என்று அவள் கேட்டாள். "உப்புத் தண்ணி கொஞ்சம் சோம்பேறி, மெதுவாத்தான் காயும். குளத்துல இருக்கதுதான் வாளியிலயும் இருக்கணும். நடுவுல யாரும் தொட்டுரக் கூடாது." போகும்போது மோட்டாரையும் நிறுத்திவிட்டுப் போனான். மோட்டார் சத்தம் இல்லாததால் நேற்று ராத்திரி முழுக்க அவளுக்குப் பக்கத்தில் புருஷன் இசிதோர் மூச்சுவிடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

கீறியிருக்கட்டும். பானையைக் கவிழ்த்து வைத்தாள். கீறியிருக்கட்டும், அடைத்துவிடலாம். குளத்தைப் பற்றித்தான் நினைக்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொன்ன கையோடு அது பொய் என்றும் தெரிந்தது. மதுரையில் நரம்பு டாக்டர் இசிதோரை எழுந்து நடக்கச் சொன்னார். இசிதோர் நடந்தார். நடந்தார் என்று சொல்ல முடியாது. பாதம் தரையை விட்டுக் கிளம்பவே யோசித்தது, தரையில் யாரோ பசை தடவி வைத்த மாதிரி. அதைப் பார்த்ததும் டாக்டரின் முகம் மாறியது. நல்லபடியாகத்தான் மாறியது, அதைத்தான் அவள் பிடித்துக்கொண்டாள். "மறதி மட்டும்னா வேற. இந்த நடையைப் பார்த்தா தலைக்குள்ள தண்ணி தேங்கியிருக்கலாம்மா. அப்படி இருந்தா ஒரு சின்னக் குழாய் வெச்சு வடிச்சு விட்டுடலாம். முழுசா இல்லாட்டியும் பாதி ஆளாவது திரும்பக் கிடைப்பார்." இல்லாவிட்டால்? டாக்டர் இரண்டு கையையும் விரித்தார். விரித்த கையில் ஒன்றும் இல்லை. ஸ்கேன் எடுத்தாயிற்று, இன்று டாக்டரைப் பார்த்துவிட்டு மகள் ரெக்சலின் மதுரையிலிருந்து கூப்பிடுவாள். இந்த வாரம் முழுக்க பனிமயமாதா கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றி அவள் கேட்டது, என் புருஷன் தலையில் தண்ணீர் தேங்கியிருக்க வேண்டும் தாயே என்பதுதான். உலகத்தில் எந்தப் பெண்டாட்டியாவது இப்படிக் கேட்டிருப்பாளா? பக்கத்தில் முட்டிபோட்டிருந்தவள் காதில் விழுந்திருந்தால் எழுந்து தள்ளிப் போயிருப்பாள். நேற்று பெலவேந்திரன் மேல, கீழ என்று விரலைக் காட்டியபோது, அவளைக் கேட்காமலே அவள் மனசு ஒரு பந்தயம் கட்டிவிட்டது. குளம் ஒழுகினால் அவருக்குச் சரியாகும். குளம் காய்ந்துதான் போகிறது என்றால், அவரும். முப்பது வருஷம் மூன்றாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தியவள் கட்டுகிற பந்தயமா இது? வெட்கமாக இருந்தது. ஆனால் கட்டிய பந்தயத்தை அவிழ்க்கத் தெரியவில்லை. ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். துடைத்த ஈரம் சேலையில் ஒரு கைவடிவமாகத் தெரிந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரல் விரலாக மறைந்தது.

ஈரத்துணி எப்படிக் காய்கிறது, யார் சொல்வீர்கள்? வகுப்பில் எத்தனை வருஷம் இதே கேள்வி. தண்ணீர் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னத் துளியாகப் பிரிந்து காற்றோடு போய்விடுகிறது. சூடு கூடினால் சீக்கிரம் போகும், காற்று அடித்தால் இன்னும் சீக்கிரம் போகும், பரந்து கிடந்தால் அதைவிடச் சீக்கிரம் போகும். ஒரு டம்ளர் தண்ணீரை டம்ளரிலேயே வை, அதே தண்ணீரைத் தட்டில் ஊற்றி வை, எது முதலில் காலியாகிறது பார். பிள்ளைகள் பார்த்துவிட்டு வந்து சொல்வார்கள். இசிதோர் மனுஷன் பரந்து கிடந்தவர். ஊரில் எல்லார் வீட்டுக் கல்யாணமும் அவருக்கு நினைவிருக்கும், யார் பிள்ளை எந்தக் கப்பலில் போகிறான், யாருக்கு எந்தக் கையில் சுளுக்கு. அவள் டம்ளர். அவளுக்கு அவள் வீடும் வகுப்பும். அதனால்தான் முதலில் அவர் காலியாகிறாரா? சீ, என்ன கணக்கு இது. ஒரு தடவை வகுப்பில் கடைசி பெஞ்சுக் குட்டி ஒருத்தி எழுந்து, "டீச்சர், ஆவின்னா பேய்தானே? அப்போ குளத்துத் தண்ணி செத்துப்போச்சா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. இவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கரும்பலகையில் கடல் வரைந்து, மேல்நோக்கி அம்புக்குறி போட்டு, மேகம் வரைந்து, கீழ்நோக்கி அம்புக்குறி போட்டு, "சாகலை கண்ணு. மேல போனது மழையாத் திரும்பி வந்துரும். தண்ணி எங்கயும் தொலையாது" என்று சொன்னாள். அந்தக் குட்டி படத்தையே பார்த்துவிட்டு, "நம்ம ஊருலயா டீச்சர் பெய்யும்?" என்று கேட்டாள். அதற்கு என்ன பதில் சொன்னாள்? நினைவில்லை. பதில் சொல்வதற்குள் மணி அடித்திருக்கும். தூத்துக்குடியில் காய்ந்தது தூத்துக்குடியில்தான் பெய்ய வேண்டுமென்று எந்த அம்புக்குறியும் சொல்லவில்லை. எங்கேயோ மலையில் பெய்யும், யார் கூரையிலோ சொட்டும். போன வாரம் அவர் மறந்தது அவள் பேரை. மெற்றில் என்று கூப்பிட வாயைத் திறந்தார். வாய் திறந்தபடியே நின்றது. பிறகு "ஏளா" என்றார். கல்யாணமான புதிதிலிருந்து ஏளா என்றுதான் பாதி நேரம் கூப்பிடுவார், அதனால் வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. அவளுக்குத் தெரிந்தது. அந்தப் பெயர் எங்கே போயிருக்கும்? எந்த ஊரில் யார் வாயில் சொட்டியிருக்கும்? சாப்பாட்டுக்கு முன்னால் நெற்றியில் கை வைத்து சிலுவை போடும்போது தூய ஆவி என்கிற இடத்தில் அவள் கை இப்போதெல்லாம் ஒரு நொடி நிற்கிறது.

ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். வாளியைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தாள். வேலியோரக் குழாயடியிலிருந்து இசிதோர் நீல மக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார். செம்பருத்திக்கு ஊற்றப் போகிறார். காலையிலிருந்து எத்தனை தடவை அந்தக் குழாயடிக்கும் செடிக்குமாக நடக்கிறார். நடக்கட்டும். செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது நினைவிருக்கிறதே, அதுவே பெரிய காரியம். கச்சான் காற்று அடிக்கிறது, நேற்றிலிருந்து மேற்கே இருந்து அனலாக. செடி பாவம் தாங்காது. அவருடைய அப்பா உப்பளத்தில் கங்காணியாக இருந்தவர், இந்தக் கச்சான் அடித்தால் வாயெல்லாம் பல்லாக இருப்பார். பாத்தியில் கட்டிய கடல்தண்ணீர் எவ்வளவு சீக்கிரம் போகிறதோ அவ்வளவு சீக்கிரம் உப்பு பூக்கும். மேகத்தைக் கண்டால்தான் அவருக்குக் காய்ச்சல். அந்த வீட்டில் பிறந்த பிள்ளை வெயிலில் தண்ணீர் குறைகிறதே என்று கவலைப்படுகிற தொழிலுக்கு வந்தார். துறைமுக வேலையை விட்டு நின்றதும் குளம் கட்டி, பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்றார். மருந்து வாடை அடிக்கிற தண்ணீர் வேண்டாம், உப்புத் தண்ணீர்தான், கண்ணீரில் இருக்கிற உப்பைவிடக் குறைச்சல்தான், கண் எரியாது என்று ஒவ்வொரு தகப்பனிடமும் சொல்லிச் சேர்த்தார். மூட்டை மூட்டையாக உப்பைக் கொண்டுவந்து கொட்டினபோது பிள்ளைகள் சுற்றி நின்று குளத்துக்குச் சமையல் நடக்கிறது என்று கத்தினார்கள். "ஒரு தடவை போட்டா போதும்லே, உப்பு எங்கேயும் போகாது. தண்ணிதான் ஓடுகாலி" என்பார். பாடம் முடிந்து பிள்ளைகள் கரையேறியதும் ஒரு விளையாட்டு வைத்திருந்தார். ஈரக்காலோடு சிமெண்டுத் தரையில் ஓட வேண்டும். முதல் தடம் காய்வதற்குள் கேட்டைத் தொட்டுவிட்டால் ஒரு கடலைமிட்டாய். வெயில் ஜெயிக்கும், பிள்ளைகள் தோற்கும், மிட்டாய் எல்லாருக்கும் கிடைக்கும். அந்தக் குளத்தில்தான் ஒரு நாள், எல்லாரையும் கரையேற்றிவிட்டேன் என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு வந்தார், அவள் இதே ஜன்னலில் நின்று பார்த்தாள், ஆழப் பக்கத்தில் ஒரு மஞ்சள் தொப்பி இன்னும் மேலும் கீழுமாக. அவள் எப்படி ஓடினாள், சேலையோடு எப்படி இறங்கினாள், ஒன்றும் தெரியாது. பையன் இருமினான், அழுதான், அம்மாவைக் கேட்டான், பிழைத்தான். இசிதோர் கரையில் நின்று, "இந்தப் பையன் யாரு?" என்று கேட்டார். அன்றோடு கேட்டைப் பூட்டியாயிற்று. குளத்தை மட்டும் வற்றவிட அவளுக்கு மனசு வரவில்லை. தினமும் படியில் உட்கார்ந்து தண்ணீருக்குள் கால் வைத்திருப்பார். தரையில் திணறுகிற அந்தக் கால் தண்ணீருக்குள் மட்டும் தானாக அசையும், மீன் வால் மாதிரி. அது ஒன்றுதான் பாக்கி. அதுவும் போகிறது.

போதும், பார்த்துவிடலாம். பெலவேந்திரன் வந்துதான் பார்க்க வேண்டுமென்று என்ன இருக்கிறது? செருப்பில்லாமல் இறங்கியதில் சிமெண்டு உள்ளங்காலைச் சுட்டது. குளத்தின் விளிம்பு ஓட்டில் தண்ணீர் இறங்கிப்போன இடம் வெள்ளையாக உப்புக்கோடு போட்டிருந்தது. வாளியின் வெளி டேப் தண்ணீரை விட்டு நன்றாக வெளியே தெரிந்தது. குளம் இறங்கியிருக்கிறது, நிச்சயமாக இறங்கியிருக்கிறது. உள்ளே பார்க்கக் குனிந்தாள். உள் டேப்பைக் காணோம். ஒட்டு விட்டு விழுந்துவிட்டதா? இல்லை, இருக்கிறது, தண்ணீருக்குள் இருக்கிறது. வாளித் தண்ணீர் இறங்கவே இல்லை! குளம் இறங்கியிருக்கிறது, வாளி இறங்கவில்லை. கீழே போகிறது. கீறியிருக்கிறது. அடைத்துவிடலாம். பாதி ஆளாவது, பாதி ஆளாவது என்று வாய் முணுமுணுத்தது. பாதி ஆள் போதும். பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம், அந்தப் பையன் யாரென்று தெரிய வேண்டாம், ராத்திரியில் எழுந்து நீங்க யார் வீட்டுப் பெண் என்று மரியாதையாகக் கேட்காமல் இருந்தால் போதும். இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து பெலவேந்திரனைக் கூப்பிட்டாள். "ஒழுகுதுப்பா! குளம் ஒழுகுது!" "டீச்சர், குளம் ஒழுகுதுன்னு இவ்வளவு சந்தோசமாச் சொல்ற ஆளை இப்பத்தான் பாக்கேன். வாளி எவ்வளவு எறங்கியிருக்கு?" "எறங்கவே இல்ல." "துளிகூடயா? இந்தக் கச்சான்லயா? வாளின்னாலும் கொஞ்சம் எறங்கித்தானே டீச்சர் ஆகணும். சரியா டேப்புலயா நிக்குது?" "டேப்புலயா? டேப்புக்கு மேலயே நிக்குதுப்பா!" என்று பெருமையாகச் சொன்னாள். சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து நின்று தப்பான விடையை உரக்கச் சொன்னதும், மற்ற பிள்ளைகள் சிரிப்பதற்கு முன்னால் ஓர் அமைதி வருமே, அந்த அமைதி. வைத்த அளவுக்கு மேலே தண்ணீர் எப்படி நிற்கும்? மழையா பெய்தது? பெலவேந்திரன் டீச்சர், டீச்சர் என்றான். "நான் பெறகு கூப்பிடுதேன்" என்று போனை வைத்தாள்.

இது என்ன என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி ஒவ்வொன்றாகச் செய்தாள், பரிசோதனை செய்து காட்டுகிறவள் மாதிரி நிதானமாக. குளத்துக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்தாள். இலேசான உப்பு, அழுது முடித்து வெகுநேரம் கழித்து உதட்டில் இருக்கிற மாதிரி. சேலையில் விரலைத் துடைத்துவிட்டு வாளிக்குள் விட்டு நாக்கில் வைத்தாள். ஒன்றும் இல்லை. மறுபடி வைத்தாள். தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். உப்பு இருக்க வேண்டிய இடத்தில் உப்பின் ஞாபகம். உப்பு எங்கேயும் போகாது என்பாரே. நிரம்பி நிரம்பி வழிந்தால் அதுவும் போகும். வாளித் தண்ணீர் விளிம்பை ஒட்டித்தான் நின்றது. எழுந்து செம்பருத்திச் செடிப் பக்கம் போனாள். மண் வெடித்துக் கிடந்தது, இலை தொங்கிக்கொண்டிருந்தது, இன்றைக்கோ நேற்றோ ஒரு சொட்டுக்கூட அங்கே விழவில்லை. குழாயடியிலிருந்து உரசும் சத்தம் கேட்டது. இசிதோர் வந்தார். மக்கை இரண்டு கையாலும் பிடித்து, அதிலேயே கண்ணை வைத்து, ஒரு பாதத்தைத் தரையிலிருந்து பிய்த்து, அடுத்ததைப் பிய்த்து. அவளைக் கடந்து படிக்குப் போய், குளத்தில் கால் நனைய முதல் படியில் நின்று, மெதுவாக, ஒரு சொட்டும் சிந்தாமல் வாளிக்குள் ஊற்றினார். வாளி நிறைந்தது. வழிந்தது. நல்ல தண்ணீர் குளத்துக்குள் இறங்கி எங்கே என்று தெரியாமல் போனது.

"என்ன செய்யுதீக?" என்று கேட்டாள். குரல் அவள் நினைத்ததைவிட மெல்லமாக வந்தது.

"யாரோ வாளியை வெயில்ல வெச்சுட்டுப் போயிட்டாங்க. பாவம், வத்திப்போவுது."

"எத்தனை தடவை ஊத்துனீக?"

அவர் யோசித்தார். நெற்றி சுருங்கியது. தேடுகிறார் என்று தெரிந்தது; தேடுகிற இடமே அங்கே இல்லை என்றும் தெரிந்தது. "இப்பத்தான் ஏளா. இது மொத தடவ" என்று சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்தார். பொய் இல்லை. அவருக்கு ஒவ்வொன்றும் முதல் தடவைதான். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தண்ணீருக்குள் அவருடைய பாதம் தானாக அசைந்தது, மேலே, கீழே. அவளுடைய பாதமும் பக்கத்தில் இருந்தது, அசையாமல். ஆக, குளம் ஒழுகுகிறதா காய்கிறதா என்று இந்த வாளி சொல்லாது. வேறு ஒன்றைச் சொல்லிவிட்டது, கேட்காததை. இல்லை, வாளிக்கு என்ன தெரியும், ஸ்கேன் வரட்டும், தண்ணீர் தேங்கியிருந்தாலும் மனுஷன் இப்படித்தான் மறப்பார், டாக்டர்தானே சொன்னார், நடை என்றாரே, நடை. நடையைப் பிடித்துக்கொண்டாள். மனசு அதே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தது. போன் அடித்தது. ரெக்சலின். ஈரக் கையில் எந்தப் பொத்தான் அழுந்தியதோ, மகளின் குரல் வெளியே எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வந்தது. பின்னால் பஸ் சத்தம், ரோட்டில் நின்று பேசுகிறாள்.

"மம்மி."

"சொல்லு."

"மம்மி, தண்ணி இல்ல."

குளத்தின் மேல் கச்சான் ஓடி, தண்ணீர் சின்னச் சின்னதாகச் சுருங்கியது.

"கேக்குதா மம்மி? தண்ணி இல்லையாம். வடிக்கதுக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டார். மம்மி?"

பக்கத்தில் இசிதோர் தலையைத் தூக்கினார். யார் பேசுவது என்று அவர் கேட்கவில்லை. முகம் மட்டும் பரபரப்பானது, வீட்டுக்கு வந்தவர்களுக்கு இன்னும் ஒன்றும் கொடுக்கவில்லையே என்கிற மாதிரி.

"தண்ணி இல்லையாமா?" என்றார். மக்கை எடுத்தார். அவள் தோளைப் பிடித்து எழுந்தார். "இரு, நான் கொண்டு வாரேன்."

அவள் பிடித்து நிறுத்தவில்லை. ஈரக்காலோடு அவர் குழாயடிக்குக் கிளம்பினார். சிமெண்டில் ஒரு தடம் விழுந்தது. வெகுநேரம் கழித்து இன்னொன்று. மூன்றாவது விழுவதற்குள் முதல் தடத்தில் குதிகால் மட்டும்தான் மிச்சமிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.